இழுக்கும் எடையை விடுங்கள், சுமக்கும் எடையைப் பாருங்கள்

கேள்வி: பத்து வயதான ஏழு இருக்கை பெட்ரோல் எஸ்யூவி ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கியிருக்கிறோம். ஆறு கியர் ஆட்டோமேட்டிக், 1,60,000 கிலோமீட்டர் ஓடியது. இரண்டு பிள்ளைகளோடு முகாம் போக, முழுச் சுமையில் 1,300 கிலோ வரும் சிறிய டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். வண்டி 2,000 கிலோ வரை இழுக்கும் என்று கையேடு சொல்கிறது. நீண்ட ஏற்றத்தில் வெப்பமானி முள் மேலே ஏறுகிறது. வண்டி நன்றாகச் சூடான பிறகு இரண்டாவது கியரிலிருந்து மூன்றாவதுக்குப் போகும்போது ஜெர்க் அடிக்கிறது. இறக்கத்தில் பிரேக் பிடித்தால் ஸ்டீயரிங் நடுங்குகிறது. சாமான் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது. கூரைக் கூடாரம், முன் கம்பித் தடுப்பும் வின்ச்சும் (மாட்டிக்கொண்ட வண்டியை இழுத்தெடுக்கும் மோட்டார்), வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட், பெரிய டயர், இரண்டாவது பேட்டரி, எல்இடி விளக்குப் பட்டை ஆகியவை எங்கள் பட்டியலில் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது? டிரெய்லருக்கு முன்பணம் கொடுத்துவிடலாமா?

பதில்: முன்பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். கியர்பாக்ஸின் ஆயில் தட்டைக் கழற்றி உள்ளே பார்ப்பது, வண்டியை எடைமேடையில் ஏற்றுவது என்று இரண்டு வேலைகள் முடியட்டும். உங்கள் பட்டியலில் பாதியை இந்த இரண்டுமே அடித்துவிடும் என்று நினைக்கிறேன்.

2,000 கிலோ என்று கையேட்டில் பார்த்ததால்தான் 1,300 கிலோ எளிது என்று தோன்றியிருக்கிறது. அந்த எண் பொய்யில்லை. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது தீர்வதற்கு வெகு முன்பே வேறொரு எண் தீர்ந்துவிடும். வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடை அது. கதவுத்தூணில் தயாரிப்பாளர் ஒட்டியிருக்கும் வில்லையின் படத்தையும் அனுப்பியிருந்தீர்கள், அதில் மொத்த எடை வரம்பு 2,500 கிலோ. கையேட்டில் வெறும் வண்டியின் எடை 1,950 கிலோ. மிச்சம் 550 கிலோ. நீங்கள், பிள்ளைகள், சாமான், வண்டியில் பூட்டும் ஒவ்வொரு கம்பி, டிரெய்லர் கொக்கியின் மேல் அழுத்தும் எடை எல்லாம் இந்த 550-க்குள் அடங்கியாக வேண்டும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். நான்கு பேருக்கு 215 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் எடையில் பத்தில் ஒரு பங்காவது கொக்கிமேல் அழுத்த வேண்டும், அது 130. கொக்கியும் அதைத் தாங்கும் சட்டமும் 30. கூரைக் கூடாரம் அதன் கம்பிகளோடு 75. கம்பித் தடுப்பும் வின்ச்சும் 90. ஈய பேட்டரியும் ஒயரும் 30. நிரம்பிய குளிர்பெட்டி 35. தண்ணீர், துணிமணி, சமையல் சாமான் 100. கூட்டினால் 705 கிலோ. வரம்புக்கு மேல் 155 கிலோ. டிரெய்லர் தன் வரம்புக்குள் சாதுவாகப் பின்னால் வந்துகொண்டிருக்கும், இங்கே வண்டியின் பின் அச்சு நெளிந்துகொண்டிருக்கும்.

இதே கணக்கில் கம்பித் தடுப்பு, வின்ச், கூரைக் கூடாரம் ஆகியவற்றை மட்டும் எடுத்துவிடுங்கள். 540-க்கு வந்துவிடுகிறது. படுப்பதற்கு டிரெய்லர் வாங்கப்போகிற வீட்டுக்குக் கூரைமேல் இன்னொரு படுக்கை எதற்கு என்பதும் எனக்கு விளங்கவில்லை. அதுவும் பல எஸ்யூவிகளின் கூரை, ஓட்டத்தில் 75 முதல் 100 கிலோ வரைதான் தாங்கும். கம்பிகளின் எடையும் அதற்குள்தான். நிறுத்திவைத்த வண்டியின் கூரை அதைவிட அதிகம் தாங்கும் என்பதால்தான் கூடாரத்துக்குள் ஆள் படுக்க முடிகிறது. இந்த இரண்டு எண்களைக் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர்.

வெறும் வண்டியின் எடை என்று கையேடு சொல்வதையும் அப்படியே நம்ப வேண்டாம். ஐரோப்பியக் கணக்கில் ஓட்டுநருக்கென 75 கிலோ அதிலேயே சேர்ந்திருக்கும், வேறு இடங்களில் இருக்காது. பழைய வண்டியில் முந்தைய உரிமையாளர் மாட்டிவிட்டுப் போன சாமான்கள் வேறு. டேங்கை நிரப்பி, எல்லோரும் ஏறி உட்கார்ந்து எடைமேடையில் நின்றால் உண்மை தெரியும். முன் அச்சையும் பின் அச்சையும் தனித்தனியாக எடுக்கச் சொல்லுங்கள். வில்லையில் இரண்டுக்கும் தனி வரம்பு உண்டு. வண்டியும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடைக்கும் கையேட்டில் ஒரு வரம்பு இருக்கும். 2,500-ஐயும் 2,000-ஐயும் கூட்டிய தொகையாகவே அது இருக்கும் என்று எண்ணிவிட வேண்டாம். பல வண்டிகளில் அதைவிடக் குறைவு.

பின் அச்சைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. கொக்கி பின் சக்கரத்துக்கும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. அச்சிலிருந்து 1.2 மீட்டர் பின்னால் கொக்கி, இரு அச்சுகளுக்கும் இடையே 2.8 மீட்டர் என்றால், 130 கிலோ அங்கே அழுத்தும்போது முன் சக்கரங்களிலிருந்து சுமார் 56 கிலோ தூக்கப்படுகிறது. பின் அச்சில் 186 கிலோ கூடுகிறது. ஸ்டீயரிங் லேசாகிவிட்டது போலத் தோன்றுவதும், முகப்பு விளக்கு மரக்கிளைகளைப் பார்ப்பதும் இதனால்தான்.

இனி வண்டியின் நோய்களுக்கு வருவோம். முள் ஏறுவதும் கியர் ஜெர்க் அடிப்பதும் தனித்தனிப் புகார்கள் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நான் இரண்டையும் சேர்த்துத்தான் பார்ப்பேன். பெரும்பாலான ஆட்டோமேட்டிக் வண்டிகளில் கியர்பாக்ஸ் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய், ரேடியேட்டரின் பக்கத் தொட்டிக்குள்ளேயே இருக்கிறது. ரேடியேட்டர் சோர்ந்தால் இரண்டும் சேர்ந்து சூடாகும். அதைவிட மோசமான சங்கதி, பழைய ரேடியேட்டரில் அந்த உட்குழாய் விரிசல் விட்டால் என்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்துவிடும். ஆயில் இளஞ்சிவப்புப் பாலாக மாறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது. கூலன்ட் பட்ட கிளட்ச் தகடுகளின் உராய்வுப் பூச்சு உரிந்து வரும், பிறகு கியர்பாக்ஸைக் காப்பாற்றுவது கடினம். பத்து வயதான ரேடியேட்டரை, ஒழுகவில்லை என்றாலும், டிரெய்லர் கட்டும் முன் மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸுக்கென்று தனியாக ஒரு ஆயில் கூலரையும் முன்னால் பொருத்துங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத பொருள், ஆனால் இந்த வண்டிக்கு முதலில் வாங்க வேண்டியது இதுதான்.

முள்ளைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போதைய வண்டிகள் பலவற்றில் அந்த முள் உள்ளதை உள்ளபடி காட்டுவதில்லை. என்ஜின் இயல்பான சூட்டில் இருபது டிகிரி மேலே கீழே போனாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள், ஓட்டுநர் பதற வேண்டாம் என்பதற்காக. அப்படிப்பட்ட முள்ளே நகர்ந்துவிட்டதென்றால் சூடு எப்போதோ எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். வண்டியின் கணினியைப் படிப்பதற்கான ஓபிடி சாக்கெட்டில் செருகும் சிறு கருவி ஒன்று வாங்கி, கூலன்ட் சூட்டையும் முடிந்தால் கியர் ஆயில் சூட்டையும் எண்ணாகவே கண்முன் வைத்துக்கொள்ளுங்கள். கியர் ஆயில் 80, 90 டிகிரியில் இருந்தால் கவலையில்லை. 120-ஐத் தாண்டினால் ஓரமாக நிறுத்தி, நியூட்ரலில் என்ஜினை ஓடவிட்டு ஆறவையுங்கள்.

முள் ஏறுவதற்கான காரணத்தைத் தேடும்போது எளியதிலிருந்து தொடங்குங்கள். ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே உள்ள இடுக்கில் பூச்சியும் மண்ணும் அடைத்துக்கொண்டிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. அடுத்து ரேடியேட்டர் மூடி. அதன் ஸ்பிரிங் அழுத்தத்தைப் பிடித்து வைப்பதால்தான் கூலன்ட் 100 டிகிரியில் கொதிக்காமல் 120-க்கு மேலும் தாக்குப்பிடிக்கிறது. ஸ்பிரிங் தளர்ந்தால் அந்த 20 டிகிரிப் பாதுகாப்பும் போய்விடும். பிறகு தெர்மோஸ்டாட், ஃபேன், வாட்டர் பம்ப். என்ஜினில் டைமிங் பெல்ட் இருந்து, மாற்றியதற்கு எழுத்தில் சான்று இல்லையென்றால், பம்ப்பையும் பெல்ட்டையும் ஒரே கையோடு மாற்றிவிடுங்கள். கடைசியாக, என்ஜினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட். கூலன்ட் தொட்டியின் வாயில் நீல நிறத் திரவம் வைத்துச் செய்யும் சோதனை ஒன்று உண்டு. என்ஜினுக்குள் எரிந்த வாயு கூலன்ட்டில் கசிந்தால் நீலம் மஞ்சளாகும். மஞ்சளானால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு அதைப் பாருங்கள்.

கியர் ஜெர்க்குக்கு வருகிறேன். சூடான பிறகு மட்டும் வருகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியது பெரிய உதவி. சூட்டில் ஆயில் நீர்த்துவிடும். உள்ளே கிளட்ச்சுகளுக்கு ஆயில் அழுத்தத்தைப் பங்கிடும் வால்வு பாடி தேய்ந்திருந்தால் அப்போது அழுத்தம் கசிந்து, கிளட்ச் நேரத்துக்குப் பிடிக்காமல் போகும். பழைய ஆயிலாலும் இது வரலாம், அப்படியென்றால் நீங்கள் பிழைத்தீர்கள். 'ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாத ஆயில்' என்று யாராவது சொன்னால், கையேட்டில் கடும் பயன்பாட்டுக்கான பராமரிப்பு அட்டவணை இருக்கிறதா என்று பாருங்கள். டிரெய்லர் இழுப்பது அந்தப் பிரிவில்தான் வரும், பெரும்பாலும் ஆயில் மாற்றும் தூரமும் அங்கே போட்டிருக்கும்.

தட்டைக் கழற்றும்போது பக்கத்தில் நில்லுங்கள். அடியில் உள்ள காந்தத்தில் சாம்பல் நிறத்தில் மெல்லிய பசை ஒட்டியிருந்தால் அது இயல்பான தேய்மானம். தகடு தகடாக, ஊசி ஊசியாக உலோகம் இருந்தால் கியர்பாக்ஸ் முடிவை நெருங்கிவிட்டது. அப்போது டிரெய்லர் கனவை ஒத்திவைப்பதா, கியர்பாக்ஸைப் பிரித்துச் செய்வதா என்பதுதான் கேள்வி, விளக்குப் பட்டை அல்ல. பசை மட்டும்தான் என்றால் ஃபில்டரை மாற்றி, கையேடு சொன்ன அதே ரக ஆயிலை ஊற்றுங்கள். ஒருமுறை வடித்தால் ஏறக்குறைய பாதி ஆயில்தான் வெளியே வரும், மிச்சம் என்ஜினையும் கியர்பாக்ஸையும் ஆயில் வழியே இணைக்கும் டார்க் கன்வெர்ட்டரில் தங்கிவிடும். அதனால் சில நூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு மறுபடி வடித்து ஊற்ற வேண்டும். மெஷின் வைத்து ஒரேயடியாகக் கழுவித் தருகிறோம் என்பவர்களிடம், பராமரிப்பு வரலாறு தெரியாத கியர்பாக்ஸை நான் கொடுக்க மாட்டேன்.

ஸ்கேனர் போட்டுப் பிழைக் குறியீடு எதுவும் இல்லை என்று சொன்னால் உடனே மகிழ்ந்துவிட வேண்டாம். வண்டி தன்னைத் தானே செய்துகொள்ளும் சோதனைகள் முடிந்திருக்கின்றனவா என்பதையும் அதே ஸ்கேனர் காட்டும். பல சோதனைகள் முடியாமல் நின்றால், அண்மையில் யாரோ குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள். விற்கப்போகிற வண்டியில் இது அடிக்கடி நடக்கும் திருவிளையாடல்.

பிரேக் நடுக்கம் பெரும்பாலும் டிஸ்க்கில்தான். வளைந்துவிட்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் பிரேக் பேடின் பொருள் டிஸ்க்கின்மேல் சீரில்லாமல் படிந்து, தடிமன் இடத்துக்கு இடம் மாறியிருக்கும். டிஸ்க்கின் விளிம்பில் அல்லது நடுப்பகுதியில் குறைந்தபட்சத் தடிமன் மில்லிமீட்டரில் பொறித்திருக்கும், அதற்குக் கீழே போனதைக் கடைசல் போடாமல் மாற்றுங்கள். பேடை டிஸ்க்கோடு அழுத்தும் காலிப்பரின் வழுக்குப் பின்கள் இறுகியிருக்கின்றனவா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். பின்கள் இறுகியிருந்தால் புது டிஸ்க்கும் சீக்கிரமே நடுங்க ஆரம்பிக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். டாட் 4 ரக பிரேக் ஆயிலுக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி, 3.7 சதவீதம் ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி. நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் பின்னாலிருந்து தள்ளும்போது அந்த 155 எட்ட முடியாத எண் அல்ல. ஆயில் கொதித்தால் பெடல் தரையோடு போகும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் கையால் குறைத்து என்ஜின் பிடியில் இறங்கப் பழகுங்கள்.

1,300 கிலோ டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம் வேண்டும். ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோதான் பொதுவான எல்லை. உங்கள் ஊர் விதி எதுவாக இருந்தாலும், பிள்ளைகள் உட்கார்ந்திருக்கும் வண்டிக்குப் பின்னால் இந்த எடையை பிரேக் இல்லாமல் கட்டாதீர்கள். மின் பிரேக் என்றால் வண்டிக்குள் ஒரு கன்ட்ரோலர் பொருத்த வேண்டும். வண்டி எவ்வளவு வேகமாக வேகம் குறைக்கிறதோ அந்த அளவுக்கு டிரெய்லரையும் பிடிக்கும் ரகமாக வாங்குங்கள்.

பின்பக்கம் உட்காருவதற்குப் புது ஷாக் அப்சார்பரும், அதே அளவில் சற்றுக் கெட்டியான பின் ஸ்பிரிங்கும் போதும். ஸ்பிரிங்குக்குள் வைக்கும் காற்றுப்பையும் நல்லதுதான், வண்டி நேராக நிற்கும். ஆனால் வண்டி நேராக நிற்பதால் 550 என்பது 650 ஆகிவிடாது, முன்னால் தூக்கிய 56 கிலோவும் திரும்பி வராது. லிஃப்ட் கிட் வேண்டாம். கொக்கியை உயர்த்தி டிரெய்லரைச் சாய்த்துவிடும், அச்சுத்தண்டு மூட்டுகளின் கோணம் கூடி அவை சீக்கிரம் தேயும், காற்றில் ஆட்டமும் அதிகமாகும். பெரிய டயரும் அப்படியே. விட்டம் 5 சதவீதம் கூடினால் சக்கரத்தில் கிடைக்கும் இழுவிசை ஏறத்தாழ அதே அளவு குறையும். ஏற்கெனவே சூட்டில் திணறுகிற கியர்பாக்ஸுக்கு அது கூடுதல் தண்டனை. அதே அளவில் சுமைக் குறியீடு உயர்ந்த டயர் போடுங்கள். 100 என்று குறித்த டயர் 800 கிலோ தாங்கும், 104 என்றால் 900. பக்கச்சுவரில் நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள். 3519 என்றால் 2019-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரம். ஆறு வயது கடந்த டயரை, பட்டை எவ்வளவு மீதமிருந்தாலும், நான் டிரெய்லர் இழுக்க அனுமதிப்பதில்லை.

வண்டி லிஃப்டில் ஏறியிருக்கும்போதே புஷ், பால் ஜாயின்ட், வீல் பேரிங் எல்லாவற்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கொக்கிச் சட்டம் பூட்டும் இடத்தில் துரு இருக்கிறதா என்பதையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அந்தச் சட்டம் தயாரிப்பாளர் விட்ட துளைகளில் போல்ட் போட்டு நிற்க வேண்டும், வெல்டிங் வைத்தது வேண்டாம். உருண்டையின் அளவையும் சரிபாருங்கள். 50 மில்லிமீட்டர் ஒன்று, இரண்டு அங்குலம் ஒன்று, இரண்டாவது 50.8 மில்லிமீட்டர். கண்ணுக்கு ஒன்றுபோல் தெரியும், ஆனால் பெரிய குவளையில் சின்ன உருண்டை குதிக்கும். ஒயரிங்கைப் பின்விளக்கின் ஒயரை அறுத்து இணைக்க விடாதீர்கள். வண்டிக்கேற்ற டிரெய்லர் மாட்யூல் வைத்தால்தான், பின்னால் ஒன்று கட்டியிருக்கிறது என்று வண்டியின் கணினிக்குத் தெரியும்.

இரண்டாவது பேட்டரிக்கு என் முழு ஆதரவு உண்டு, இடத்தை மட்டும் மாற்றுங்கள். அதையும் குளிர்பெட்டியையும் டிரெய்லரில் அச்சுக்கு மேலே வைத்தால் வண்டியிலிருந்து 65 கிலோ இறங்கும், டிரெய்லர் தன் 1,300-க்குள் நிற்கும் வரை. 45 வாட் குளிர்பெட்டி நாளில் நாற்பது சதவீத நேரம் ஓடினால் 432 வாட் மணி, அதாவது 12 வோல்ட்டில் 36 ஆம்பியர் மணி. 100 ஆம்பியர் மணி ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், ஆகவே ஒருநாள்தான் தாங்கும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் என்றால் இரண்டு நாள் வரும், எடையும் பாதிக்குக் கீழே. என்ஜின் அறைக்குள் அதை வைக்கக் கூடாது, உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றக் கூடாது. இடையில், வண்டியின் மின்சாரத்தை அந்த பேட்டரிக்கேற்ற வோல்ட்டில் மாற்றித் தரும் டிசி-டிசி சார்ஜர் வேண்டும். தடித்த ஒயரும் வேண்டும்: 25 ஆம்பியர், ஐந்து மீட்டர் தூரம் போய்வர, 6 சதுர மில்லிமீட்டர் செம்பில் முக்கால் வோல்ட் தொலையும், 16 சதுர மில்லிமீட்டரில் கால் வோல்ட்தான். ஃபியூஸ் முன் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி இருக்கட்டும். லித்தியத்துக்கும் ஒயரின் மறுமுனையில் இன்னொன்று.

வின்ச் இல்லாமல் சேற்றில் மாட்டினால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். முன்னும் பின்னும் தயாரிப்பாளர் தந்த இழுவை வளையங்களையும் தரமான பட்டையையும் பயன்படுத்துங்கள். டிரெய்லர் உருண்டையில் மட்டும் பட்டையை மாட்டி வெட்டி இழுக்காதீர்கள். அது முறிந்தால் துப்பாக்கிக் குண்டாகப் பறக்கும். ஆள் செத்திருக்கிறார்கள்.

டிரெய்லரில் கனமானதை அச்சுக்கு மேலே தாழ்வாக, கொஞ்சம் முன்தள்ளி அடுக்குங்கள். பின்பாரம் கூடினால் கொக்கி எடை குறைந்து வால் ஆட ஆரம்பிக்கும். ஆடினால் வண்டியின் பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். கன்ட்ரோலரில் டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடிக்கும் பொத்தான் இருந்தால் அதை அழுத்தலாம். முதல் ஓட்டம் பக்கத்திலேயே இருக்கட்டும். அரைமணி நேரத்தில் நிறுத்தி டிரெய்லரின் ஒவ்வொரு சக்கர மையத்தையும் கையால் அணுகிப் பாருங்கள். ஒன்று மட்டும் அதிகம் சுட்டால் அங்கே பேரிங்கோ பிரேக்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது.

விளக்குப் பட்டைக்கு எனக்கு ஆட்சேபம் இல்லை, அவசரமும் இல்லை. டிரெய்லரைக் கட்டி, குடும்பத்தை ஏற்றி, இருக்கிற முகப்பு விளக்கைச் சுவருக்கு நேராக நிறுத்திச் சரிசெய்யுங்கள். பல வண்டிகளில் டாஷ்போர்டிலேயே அதற்கொரு திருகு இருக்கும், 0 முதல் 3 வரை எண் போட்டு. சாமான் ஏற்றினால் எந்த எண்ணில் வைக்க வேண்டும் என்பது கையேட்டில் உண்டு.